குடை விரியாவிட்டால்?

சிங்கப்பூரின் தேசிய தின விழாவைத் தொலைக்காட்சியில் காணும்போது, நம் வீட்டுப் பிள்ளைகள் மிகவும் ஆவலோடு காத்திருப்பது 'செஞ்சிங்கங்கள்' என்னும் வான்குடை வீரர்களுக்காகத்தான். 1989ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இந்தப் படைக் குழுவினர், விமானத்திலிருந்து குதித்து, குடைகளை விரித்து, குறித்த இடத்தில் வந்து நிற்பதைக் கண்டு கை தட்டாதவர் இல்லை. கைதட்டல் ஓய்ந்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "குடை விரியாவிட்டால் என்ன ஆகும்?"

"எல்லாம் அவன் செயல்" என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் வான்குடைத் துறையினர் அவ்வாறு தப்பித்துக்கொள்ளவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் இன்றைய கருவிகளை உருவாக்கியிருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக வானிலிருந்து குதிக்கும் வழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. துபாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சுற்றுலா செல்லும் நம் இளைஞர்களும் ஆசைப்படுகிறார்கள். ஆகவே, அந்த முதுகுப் பைக்குள் என்ன இருக்கிறது, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்துகொள்வது நல்லது.

பாரிஸ் நகரின் இரண்டு மனிதர்கள்

1797 அக்டோபர் 22ஆம் நாள், பாரிஸ் நகரில் ஆந்திரே ஜாக் கார்னெரின் என்பவர் பலூனில் மேலே சென்று, பட்டுத் துணியால் ஆன குடையின் கீழ்த் தொங்கிய கூடையில் அமர்ந்து தரையிறங்கினார். உயிர் பிழைத்தார், ஆனால் வழியெல்லாம் கூடை ஊஞ்சலாக ஆடியது. குடைக்குள் சிக்கிய காற்று வெளியேற வழியின்றி, ஒரு முறை இந்த ஓரமாகவும் மறு முறை அந்த ஓரமாகவும் பிதுங்கியதே காரணம். பிற்காலத்தில் குடையின் உச்சியில் ஓர் ஓட்டை வைத்தார்கள், ஆட்டம் குறைந்தது. ஓட்டை போட்டதால் குடை நல்ல குடையாயிற்று என்பது வியப்பாக இல்லையா?

அதே பாரிஸ் நகரில் 1912 பிப்ரவரி 4ஆம் நாள், ஃபிரான்ஸ் ரைக்கெல்ட் என்னும் தையற்காரர், தாம் தைத்த வான்குடை உடையை அணிந்துகொண்டு ஈஃபிள் கோபுரத்தின் முதல் தளத்தில் ஏறி நின்றார். உயரம் 57 மீட்டர். பொம்மையை வைத்துச் சோதிப்பதாகவே அதிகாரிகளிடம் அனுமதி வாங்கியிருந்தார். ஆனால் கடைசியில் தாமே குதித்தார். குடை விரியவில்லை. அந்த இடத்திலேயே மாண்டார். அவர் முன்பு பொம்மைகளை வைத்துச் செய்த சோதனைகளும் நம்பிக்கை தருவனவாக இல்லை. பொம்மை தோற்ற இடத்தில் மனிதன் வெல்வான் என்று அவர் நம்பியதுதான் துயரம். பரிதாபத்துக்குரிய அந்த மனிதருக்குத் துணிவு குறைவாக இருந்தது என்று யார் சொல்ல முடியும்?

இவ்விருவருக்கும் பிறகு வந்தவர் அமெரிக்கரான லெஸ்லி இர்வின். காற்றில் விழும் மனிதன் நினைவிழந்துவிடுவான், தன் கையால் குடையைத் திறக்க அவனால் முடியாது என்றே அக்காலத்தில் பலர் நம்பினர். 1919 ஏப்ரல் 28ஆம் நாள், ஒஹையோ மாநிலத்தில் ஓடும் விமானத்திலிருந்து குதித்த இர்வின், சற்றுத் தூரம் விழுந்த பிறகு தம் கையாலேயே கயிற்றை இழுத்துக் குடையைத் திறந்து காட்டினார். இறங்கும்போது கணுக்கால் முறிந்தது. ஆனால் உண்மை நிலைநாட்டப்பட்டது. பின்னர், வான்குடையால் உயிர் தப்பிய விமானிகளுக்குப் பொன்னால் செய்த சிறு புழுச் சின்னம் ஒன்றை அவருடைய நிறுவனம் வழங்கியது. பட்டு நூலைத் தருவது புழுவன்றோ! அந்த நன்றிக்கு அடையாளம் அது.

வட்டக் குடையும் நீள் குடையும்

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் பட்டு கிடைக்காமற் போனதால் நைலான் துணி அந்த இடத்தைப் பிடித்தது. பட்டைவிட வலுவானது, ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து மக்காது. எனினும் குடையின் வடிவம் வட்டமாகவே இருந்தது. வட்டக் குடை காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். படைவீரர்கள் பயன்படுத்திய வட்டக் குடையில் இறங்குவது, ஆறடி உயரச் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் போய் விழவேண்டும்.

1964ஆம் ஆண்டில் டோமினா ஜால்பெர்ட் என்பவர் வேறு வகையில் சிந்தித்தார். முன்பக்கம் திறந்த துணிக் குழாய்களை வரிசையாகத் தைத்து, அவற்றுக்குள் காற்று புகுந்தால் முழுத் துணியும் விமானத்தின் இறக்கையைப் போல் உப்பி நிற்கும்படி செய்தார். இன்று விழாக்களில் நாம் காணும் நீள் சதுரக் குடைகள் எல்லாம் இதன் வழி வந்தவை. இவை வெறுமனே இறங்குவதில்லை, முன்னோக்கிப் பறக்கின்றன. இடக்கைப் பிடியை இழுத்தால் இடப்புறம் திரும்பும். வலக்கைப் பிடியை இழுத்தால் வலப்புறம். தரையை நெருங்கியதும் இரண்டையும் ஒருசேர இழுத்தால் வேகம் அடங்கி, படியிலிருந்து இறங்குவதுபோல் காலூன்றலாம்.

ஆனால் பறக்கும் கருவிக்கு ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். இதனால் விளைந்த சங்கடத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பையில் இருப்பது இரண்டு

குதிப்பவர் முதுகில் ஒரே பைதான் தெரியும். அதற்குள் இரண்டு குடைகள் இருக்கின்றன. கீழே முதன்மைக் குடை. மேலே மாற்றுக் குடை. முன்னாளில் மாற்றுக் குடையை வயிற்றின்மேல் கட்டிக்கொள்வார்கள்.

குதித்தவர் உடல் பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தை அடைந்துவிடும். உரிய உயரத்துக்கு வந்ததும், பையின் அடியில் செருகியிருக்கும் குட்டிக் குடையை உருவிக் காற்றில் வீசுவார். அது காற்றைப் பிடித்து இழுக்க, பையின் ஊசி கழன்று, முதன்மைக் குடை வெளியேறும். நூற்கயிறுகளின் மேல் 'ஸ்லைடர்' என்னும் ஒரு சிறு துணிச் சதுரம் மெல்ல வழுக்கி இறங்கும். குடை ஒரே மூச்சில் விரிந்து மனிதனின் இடுப்பை முறித்துவிடாமல் காப்பது அந்தச் சின்னத் துணிதான்.

முதன்மைக் குடை சிக்கிக்கொள்வதும் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் குதிப்புக்கு ஒரு முறை என்று இத்துறையில் பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். அப்போது மாற்றுக் குடையைத் திறந்தால் போயிற்று என்று நாம் நினைப்போம். அங்கேதான் ஆபத்து. மேலே படபடக்கும் பழைய குடையில் புதிய குடையும் போய்ச் சுற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே, கெட்டுப்போனதை முதலில் கழற்றி எறிய வேண்டும். அதன் பிறகே மாற்றுக் குடை.

முன்பு இரண்டு தோள்களிலும் தனித்தனி உலோகப் பூட்டுகள் இருந்தன. ஒன்று கழன்று மற்றொன்று கழலாவிட்டால் நிலைமை என்ன? 1970களின் நடுவில் பில் பூத் என்பவர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று வளையங்களை ஒன்றினுள் ஒன்றாகக் கோத்தார். நெம்புகோலைப் போல ஒவ்வொரு வளையமும் பாரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். முழு மனிதனின் எடையையும் கடைசியில் தாங்கி நிற்பது ஒரு சிறு கயிற்றுக் கண்ணி; அதைப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய கம்பி. மார்பின் வலப்புறப் பிடியை ஒரு முறை இழுத்தால் போதும், இரு தோள்களும் ஒரே நேரத்தில் விடுபடும். இடப்புறப் பிடியை இழுத்தால் மாற்றுக் குடை வரும். பதற்றத்தில் இரண்டாவது பிடியை மறந்தவர்களும் உண்டு. அதனால், கழன்று போகும் குடையே மாற்றுக் குடையின் ஊசியை இழுத்துவிடும்படி ஒரு வாரையும் இணைத்தார்கள்.

நினைவிழந்தால்?

1959 நவம்பர் 16ஆம் நாள் அமெரிக்க வான்படையைச் சேர்ந்த ஜோசப் கிட்டிங்கர், 76,400 அடி உயரத்தில் பலூனிலிருந்து குதித்தார். உடலை நிலைப்படுத்தும் சிறு குடை முன்கூட்டியே வெளிப்பட்டு அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நிமிடத்துக்கு 120 சுற்று என்ற வேகத்தில் உடல் சுழன்றது, அவர் நினைவிழந்தார். கைகளால் எதையும் இழுக்க இயலாத நிலை. குறித்த உயரத்தில் தானாகத் திறக்கும்படி வைத்திருந்த அவசரக் குடை அவரைக் காப்பாற்றியது. ஒரு மாதங்கூட ஆவதற்குள் அவர் மீண்டும் குதித்தார். 1960இல் 1,02,800 அடியிலிருந்தும் குதித்து வெற்றி கண்டார். 2012இல் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தபோது, தரையிலிருந்து வானொலியில் அவருக்கு வழி சொன்னவர் இந்தக் கிட்டிங்கரே. அந்தக் குதிப்பில், உடல் அளவுமீறிச் சுழன்றால் தானே விரியும் சிறு குடையும் பொருத்தியிருந்தார்கள். ஒருவர் பட்ட பாடு இன்னொருவருக்குக் கவசமாயிற்று.

பொழுதுபோக்காகக் குதிப்போரும் இன்று இத்தகைய தானியங்கிக் கருவியை வைத்துக்கொள்கிறார்கள். 1991இல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 'சைப்ரஸ்' என்னும் மின்னணுக் கருவியை வெளியிட்டது. அது காற்றழுத்தத்தை அளந்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 750 அடி உயரத்திலும் ஒருவர் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ஒரு சிறு கத்தி மாற்றுக் குடையின் கண்ணியை அறுத்துவிடும். முழு வேகத்தில் விழுபவருக்கு அந்த உயரத்திலிருந்து தரை நான்கு விநாடித் தொலைவில்தான் இருக்கிறது!

தானியங்கி இருக்கிறதே என்று தாமதிப்பது பெரும் தவறு. முதன்மைக் குடையைத் தாழ்வான உயரத்தில் திறப்பவருக்குத் தானியங்கியும் அதே வேளையில் இயங்கி, இரண்டு குடைகளும் ஒருங்கே வெளிவந்து இடையூறு செய்யலாம். அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் விதிப்படி புதியவர்கள் 3,000 அடிக்குக் குறையாமலும், தேர்ந்தவர்கள் 2,500 அடிக்குக் குறையாமலும் குடையைத் திறக்க வேண்டும். கையில் கட்டும் உயரமானியும், தலைக்கவசத்துக்குள் ஒலி எழுப்பும் உயரமானியும் இதற்காகத்தான்.

நல்ல குடையின் கீழும் விபத்து

மேலே சொல்வதாகச் சொன்ன சங்கடத்துக்கு வருகிறேன். குடை விரியாமல் மாண்டவர்களைப் பற்றியே நாம் அஞ்சுகிறோம். ஆனால் இக்காலத்து விபத்துகளில் கணிசமானவை, ஒரு குறையும் இல்லாமல் முழுமையாக விரிந்த குடையின் கீழ் நடக்கின்றன. தரைக்கு அருகில் ஒருவர் ஒரு பக்கப் பிடியைச் சட்டென்று ஆழமாக இழுத்தால், குடை தலைகுப்புறப் பாயும். உடல் கடிகாரத் தொங்கலைப் போல வீசப்படும். மீண்டும் நிமிர உயரம் போதாது.

குடை எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகம், அவ்வளவு துடுக்கு. எனவே கருவித் தேர்வில் முதல் கணக்கு இதுதான்: குதிப்பவர் எடையையும் கருவிகளின் எடையையும் ராத்தலில் கூட்டி, குடையின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து வகுக்க வேண்டும். 160 ராத்தல் எடையுள்ளவர் 30 ராத்தல் கருவியோடு 190 சதுர அடிக் குடையில் இறங்கினால் விடை 1. புதியவர்களுக்கு இந்த அளவு ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பயிற்சிப் பள்ளிகள் 220 முதல் 280 சதுர அடி வரையிலான பெரிய குடைகளைக் கொடுப்பது இதனால்தான். நூறு சதுர அடிக்கும் குறைந்த குடையில் பறக்கும் வல்லவர்களைப் பார்த்து, 'எனக்கும் அதுதான் வேண்டும்' என்று புதியவர் அடம்பிடிக்கக்கூடாது.

பால் வெட்டிய பழக்கமுள்ளவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கைதேர்ந்தவரின் கூரிய கத்தியைப் புதிதாக வேலைக்கு வந்தவர் வாங்கி வெட்டினால், பட்டையோடு நிற்காமல் மரத்தையே காயப்படுத்திவிடுவார். கத்தி நல்ல கத்திதான். கை இன்னும் பழகவில்லை. அங்கே மரத்துக்குக் காயம், இங்கே மனிதனுக்கு.

மடித்தவர் யார்?

பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை பல. நைலானுக்கு வெயில் பகை. நாள்பட்ட வெயிலில் துணியின் வலு குறையும். மணலும் உப்புநீரும் கயிறுகளையும் துணியையும் கெடுக்கும். கண்ணுக்குப் புதிதாகத் தோன்றும் துணியிலும் காற்று கசியலாம். ஆகையால் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், தகுதி பெற்ற குடைப் பராமரிப்பாளர் ஒருவரிடம் காட்டிய பிறகே வாங்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. முதன்மைக் குடையைக் குதிப்பவர் தாமே மடித்துக்கொள்ளலாம். மாற்றுக் குடையை அவ்வாறு தொடக்கூடாது. சான்றிதழ் பெற்ற பராமரிப்பாளரே அதைச் சோதித்து, மடித்து, தம் முத்திரையிட்டு, அட்டையில் நாளைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். நைலான் குடையாயின் 180 நாளுக்குள் மடித்ததாக இருக்க வேண்டும். பட்டுப் போன்ற இயற்கை நூலாயின் 60 நாள். ஒரு முறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் காலம் கடந்தால் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். மாற்றுக் குடையும் உடலைத் தாங்கும் வார்களும் அரசு வகுத்த சோதனைத் தரத்தில் தேறியவையாக இருத்தல் வேண்டும். முதன்மைக் குடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கடைசி நம்பிக்கை எதுவோ அதன்மீதே சட்டம் கண் வைத்திருக்கிறது.

கருவி எவ்வளவு சிறந்ததாயினும் சோதிக்க வேண்டியது மனிதக் கண். முதுகில் மாட்டுமுன் ஒரு முறை, விமானத்தில் ஏறுமுன் ஒரு முறை, குதிக்குமுன் ஒரு முறை என மூன்று தடவை பார்ப்பது நல்ல பழக்கம். ஊசி இடத்தில் இருக்கிறதா, மார்பு வாரும் தொடை வார்களும் கொக்கியில் சரியாகச் செருகப்பட்டுள்ளனவா, பிடிகள் வெளியே தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதென்ன சிறுபிள்ளைத்தனம் என்று எண்ண வேண்டாம். 1988 ஏப்ரல் 2ஆம் நாள், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், நூற்றுக்கணக்கான முறை குதித்துத் தேர்ந்த ஒருவர், பிறரைப் படம் பிடிக்கும் ஒளிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு குதித்தார். வான்குடையை மாட்டிக்கொள்ளவே மறந்துவிட்டார்! விமானத்தில் இருந்த மற்றவர்களும் கவனிக்கவில்லை. பழக்கம் கண்ணை மறைத்த கொடுமை இது.

கோலாலம்பூர்க் கோபுரங்கள்

நம் ஊரிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1999இல் மேலே சொன்ன பாம்கார்ட்னர், பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திலிருந்து குதித்து உலகச் சாதனை படைத்தார். கோலாலம்பூர்க் கோபுரத்திலும் உலக நாடுகளின் வீரர்கள் வந்து குதித்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் இளைஞர்கள் மறக்கக்கூடாது. கட்டடத்திலிருந்து குதிப்பவர் முதுகில் இருப்பது ஒரே ஒரு குடை. அது கைவிட்டால் மற்றொன்றைத் திறக்கப் போதிய உயரமும் இல்லை, நேரமும் இல்லை. விமானக் குதிப்பையும் கட்டடக் குதிப்பையும் ஒன்றாக எண்ணுவது பிழை.

பயணியாகக் குதிக்க விரும்பினால்

சுற்றுலா செல்வோர் பெரும்பாலும் பயிற்றுநரின் உடலோடு இணைக்கப்பட்டு, இருவருமாக ஒரே குடையில் குதிக்கிறார்கள். இரு தோள்களிலும் இரு இடுப்புகளிலும் ஆக நான்கு இடங்களில் கொக்கிகள் மாட்டப்படும். இருவர் எடைக்கு வேகம் மிகும் என்பதால் ஒரு சிறு குடை முதலில் விரிந்து வேகத்தை அடக்கும். பணம் கட்டுமுன் பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. பயிற்றுநர் எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர்? அமெரிக்கச் சட்டம் குறைந்தது 3 ஆண்டும் 500 குதிப்பும் கேட்கிறது.
2. மாற்றுக் குடையில் தானியங்கிக் கருவி உண்டா? அது இயங்கும் நிலையில் இருக்கிறதா?
3. மாற்றுக் குடை கடைசியாக என்று மடிக்கப்பட்டது? அட்டையைக் காட்டுவார்களா?
4. என் எடைக்கும் உடல்நிலைக்கும் இது தகுமா? எடையை மறைத்துச் சொல்லாதீர்கள், கணக்கு பிழையாகும்.
5. காற்றோ மேகமோ சரியில்லாவிட்டால் நிறுத்துவார்களா? பணத்துக்கு என்ன வழி?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவர்களிடம் உங்கள் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம். ஒழுங்காகத் தொழில் செய்பவர்கள் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள்.

இவ்வளவையும் படித்து அஞ்ச வேண்டியதில்லை. 1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பது பேருக்கு மேல் இவ்விளையாட்டில் உயிரிழந்தனர். 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 36 லட்சத்து 50 ஆயிரம் குதிப்புகளில் உயிரிழந்தோர் 10 பேர். ஒவ்வோர் உயிரும் பெரிதுதான். ஆயினும் இந்தக் குறைவு தானாக வந்துவிடவில்லை. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் தேடி, வளையமாகவும் வாராகவும் விதியாகவும் மாற்றியதால் வந்தது.

நம்மில் பெரும்பாலோர் வானிலிருந்து குதிக்கப் போவதில்லை. ஆனால் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு அதன் வாரை மாட்டாமல் மோட்டார் சைக்கிளில் பறக்கும் பிள்ளைகளை நாள்தோறும் பார்க்கிறோம். வார் மாட்டாத கவசம் விழும்போது தலையை விட்டுத் தனியே உருண்டோடும். நாளைக் காலை உங்கள் பிள்ளை வண்டியைக் கிளப்பும்போது, வாசலில் நிறுத்தி அந்தக் கொக்கியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.